முட்டை பெரியதா, நல்லதா? வீட்டிலேயே எடை போட்டுத் தெரிந்துகொள்ளும் முறை

வியாசர்பாடியில் எங்கள் தெருமுனை மளிகைக் கடையில் தினமும் கேட்கும் குரல் இது: “அண்ணே, முட்டை பெருசா பாத்து குடுண்ணே.” என் அம்மாவும் அப்படித்தான் கேட்டு வாங்குவார். மொட்டை மாடியில் ஆறு நாட்டுக்கோழியும் ஒரு கூண்டு காடையும் வளர்க்க ஆரம்பித்த பிறகு, ஒவ்வொரு முட்டையையும் எடை போட்டு உடைத்துப் பார்த்தேன். எடை ஒரு பாதி விஷயத்தைத்தான் சொல்கிறது. மீதியை உடைத்தால்தான் தெரியும்.

தேவையானவை

0.1 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு, தட்டையான கண்ணாடித் துண்டு, பல்குச்சி, ஸ்டீல் ஸ்கேல், பென்சில். என் தராசைப் பாரிமுனையில் வாங்கினேன். ஒவ்வொரு கிராமாகக் காட்டும் சமையல் தராசு கோழி முட்டைக்குப் போதும், காடைக்குப் போதாது. காடை முட்டையே 10 முதல் 12 கிராம்தான். அதில் ஒரு கிராம் தவறினால் கணக்கே மாறிவிடும்.

படி 1: எடை போடுங்கள்

முட்டையைக் கழுவ வேண்டாம். ஓட்டில் பென்சிலால் தேதியும் எடையும் எழுதுங்கள். நாட்டுக்கோழி முட்டை சுமார் 40–45 கிராம், பண்ணை வெள்ளை முட்டை 50–60, வாத்து முட்டை 65–75 இருக்கும். கினிக்கோழி முட்டை நாட்டுக்கோழி அளவுதான், ஆனால் ஓடு கல் மாதிரி. ஒரு இனத்தை அதே இனத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

மத்திய அரசின் அக்மார்க் தரத்தில் முட்டையின் அளவும் தரமும் தனித்தனியாகவே இருக்கின்றன. 60 கிராமும் அதற்கு மேலும் மிகப் பெரியது, 53–59 பெரியது, 45–52 நடுத்தரம், 38–44 சிறியது. இது அளவுக்கு மட்டும். தரத்துக்கு ஏ, பி என்று வேறு எழுத்து. பெரிய முட்டை பி தரமாகவும், சின்ன முட்டை ஏ தரமாகவும் இருக்கலாம்.

படி 2: உடைத்து அளங்கள்

கண்ணாடியைச் சமதளத்தில் வையுங்கள். மேலே ஒரு கோலியை வைத்து, உருளவில்லை என்றால் சரி. முட்டையைக் கண்ணாடிக்கு மிக அருகில் வைத்து மெதுவாக உடையுங்கள். மஞ்சளைச் சுற்றி மேடாக நிற்பது கெட்டி வெள்ளை. அதற்கு வெளியே தண்ணீர் போல ஓடுவது இளக்க வெள்ளை. மஞ்சளின் விளிம்புக்கும் கெட்டி வெள்ளையின் விளிம்புக்கும் நடுவில், முறுக்கிய வெள்ளை நூல் இல்லாத இடத்தில், பல்குச்சியை நேராக இறக்குங்கள். கண்ணாடியைத் தொட்டதும் எடுத்து, ஈரம் ஏறிய உயரத்தை ஸ்கேலில் மில்லிமீட்டராகப் பாருங்கள். மூன்று இடத்தில் அளந்து சராசரி எடுத்தால் நல்லது. (முதல் நாள் அம்மா எட்டிப் பார்த்து, “இன்னாடா, முட்டைக்கு ஸ்கேல் வெச்சினு கீற?” என்றார். இப்போது குச்சி பிடிப்பதே அவர்தான்.)

படி 3: கணக்கு

1937-இல் ரேமண்ட் ஹாஃப் என்பவர் கொடுத்த அளவு இது. ஹாஃப் அலகு என்பார்கள். எடையை 0.37 அடுக்குக்கு உயர்த்தி 1.7-ஆல் பெருக்குங்கள். வெள்ளையின் உயரத்திலிருந்து அதைக் கழித்து, 7.6 கூட்டுங்கள். வந்த எண்ணுக்கு 10 அடிமான லாக் எடுத்து 100-ஆல் பெருக்குங்கள். போன் கால்குலேட்டரைப் படுக்கவாட்டில் திருப்பினால் பெரும்பாலும் லாக் பொத்தான் வரும். 72-க்கு மேல் அருமை, 60-க்கு மேல் நல்லது, அதற்குக் கீழே சுமார்.

வெள்ளையின் உயரம் 4 மில்லிமீட்டர் என்று வையுங்கள். முட்டை 55 கிராம் என்றால் 61 வரும். 65 கிராம் என்றால் 56-தான். உயரம் ஒன்றே, ஆனால் கனமான முட்டை ஒரு படி இறங்கிவிடுகிறது. முட்டை பெரிதாக ஆக, வெள்ளையும் அதற்கேற்ப உயர்ந்து நிற்க வேண்டும். இந்தக் கணக்கு கோழி முட்டைக்கு உரியது. காடைக்கு உயரத்தை மட்டும் குறித்துவைத்து, காடையோடு காடையை ஒப்பிடுங்கள்.

படி 4: ஓடு

ஓட்டைக் கழுவிக் காயவைத்து எடை போடுங்கள். முட்டை எடையில் பத்தில் ஒரு பங்கு இருக்க வேண்டும். கோழிக்கு வயது ஏற ஏற முட்டை பெரிதாகும். ஓட்டுக்குச் சேரும் சுண்ணாம்பு அதே வேகத்தில் கூடாது. அதனால் ஓடு மெலிந்து சீக்கிரம் விரிசல் விடும். முதல் முதலாக முட்டையிடும் விடைக்கோழியின் சின்ன முட்டைதான் பெரும்பாலும் கெட்டி ஓடும் கெட்டி வெள்ளையும் உள்ளது. அதைக் கடையில் ஒதுக்கிவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

படி 5: வெயில் காலத்தில் வெளியே வைத்த முட்டை

மே மாதம் ஒரே கோழியின் இரண்டு 55 கிராம் முட்டைகளை எடுத்தேன். ஒன்றை அன்றே உடைத்தேன்: வெள்ளை 7 மில்லிமீட்டர். மற்றதைச் சமையலறை அலமாரியில் பத்து நாள் வைத்தேன். எடை ஒரு கிராம்தான் குறைந்தது, வெள்ளையோ 3 மில்லிமீட்டருக்குப் படுத்துவிட்டது. ஓட்டின் நுண்துளைகள் வழியாக ஈரத்தோடு கரியமில வாயுவும் வெளியேறுவதால் வெள்ளை இளகிவிடுகிறது. வாங்கியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

குஞ்சு பொரிக்க எடுப்பவர்களுக்கு

பொரிக்கும் குஞ்சு முட்டை எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இருக்கும். அதனால் பெரிய முட்டையை வைக்க ஆசை வரும். ஆனால் மிகப் பெரியதிலும் மிகச் சிறியதிலும் பொரிப்பு குறையும். நடுத்தர எடைதான் கைகொடுக்கும். வளர்ப்புக் காடை அடைகாக்காது, இன்குபேட்டர் வேண்டும், 17–18 நாளில் பொரியும். நான் 10 முதல் 12 கிராம் வரை உள்ள, விரிசல் இல்லாத முட்டைகளை மட்டும் அதில் அடுக்குகிறேன். மற்றவை அன்றைக்கே குழம்புக்குப் போய்விடும்.