பழைய பாணிப் போஸ்டர்: பெரிதாக ஒரே ஒரு சொல்

நிலாவெளி வீதியில் எருமைத் தயிர் விற்கும் கடைக்குப் பழைய பாணியில் ஏ3 போஸ்டர் அடிப்பதாக வைத்துக்கொள்வோம். ‘தயிர்’ மட்டும் 8 சென்ரிமீற்றர் உயரத்தில் வரட்டும். ‘திருகோணமலை எருமைத் தயிர்’ என்ற வரிக்கு அதில் மூன்றிலொரு பங்கு, சட்டி விலைக்கும் தொலைபேசி எண்ணுக்கும் 1 சென்ரிமீற்றர் போதும். உயரங்கள் கிட்டக்கிட்ட இருந்தால் கண் எதில் நிற்பதென்று தடுமாறும்.

இந்தப் பாணிக்குப் பேர்போனவர் ஜேர்மன் போஸ்டர் வடிவமைப்பாளர் லூசியன் பெர்ன்ஹார்ட். அவரது ‘பிரீஸ்டர்’ தீப்பெட்டிப் போஸ்டரில் இருந்தவை ஒரு பெயரும் இரண்டு தீக்குச்சிகளும்தான்.

ஆங்கிலப் போஸ்டரைப் பார்த்து எழுத்திடைவெளியைக் கூட்டுவதுதான் இங்கே பெரிய பிழை. ‘எருமை’யில் ஐகாரக் குறி மகரத்தை விட்டு விலகி, தனி எழுத்துப் போலத் தெரியும். அகலம் வேண்டுமென்றால் அகன்ற எழுத்துருவை எடுங்கள். வரிகளையும் நெருக்காதீர்கள்: மேல்வரி ‘ரு’வின் வால் கீழ்வரிப் புள்ளியில் முட்டும். தடித்த எழுத்தில் ‘ண’வின் சுழிகள் அடைபடும், நிழல் போட்டால் கேட்கவே வேண்டாம்.

அச்சுக்கு முன் சுவரில் ஒட்டி, மூன்று மீற்றர் தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். ‘தயிர்’ முந்தாவிட்டால் அதைப் பெருப்பிக்காமல் மற்றவற்றைச் சிறிதாக்குங்கள்.