டர்போ என்ஜினில் கூலண்ட் கசிவு: ஹெட்டைக் கழற்றும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தரையில் ஒரு சொட்டு இல்லை. என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டின் டேங்கில் மட்டும் மட்டம் இறங்கிக்கொண்டே போகிறது. இப்படி ஒரு டர்போ வண்டி வந்து நின்றால், புதிதாகக் கைவைப்பவர்கள் நேராக ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே அடைக்கும் தகடு) மேல்தான் பழியைப் போடுகிறார்கள். ஆள் மாறினாலும் இந்தப் பழக்கம் மட்டும் மாறுவதில்லை. சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதே, வெறும் தண்ணீரை ஊற்றி ஓட்டாதே என்ற பாடமெல்லாம் இங்கே வேண்டாம். அது தெரியாதவர் ஸ்பேனரையே எடுக்க வேண்டியதில்லை. தெரிந்தவர்களும் சறுக்கும் இடங்களைப் பார்ப்போம்.

தடயத்தைக் கழுவிவிடுவது

என்ஜின் அழுக்காக இருக்கிறதென்று வந்ததும் வராததுமாக வாட்டர் வாஷ் அடித்துவிடுகிறார்கள். டர்போ என்ஜினில் பல கசிவுகள் சொட்டாகவே விழுவதில்லை. டர்போவின் நடுப்பகுதிக்கு, அதாவது பேரிங் இருக்கும் கூட்டுக்கு, கூலண்ட் போய்த் திரும்பும் லைன்கள் சைலன்சர் மேனிஃபோல்டை ஒட்டியே ஓடுகின்றன. அங்கே கசிவது இரும்பில் பட்டதும் ஆவியாகிவிடும். மிஞ்சுவது இரண்டே தடயங்கள்: என்ஜினை அணைத்த சில நிமிடங்களில் பானட்டுக்குள் எழும் இனிப்பு வாடை, இணைப்பைச் சுற்றிக் காய்ந்து படிந்த வெள்ளை அல்லது கூலண்ட் நிறப் பொருக்கு. முதலில் டார்ச்சும் சிறு கண்ணாடியும் வைத்து இந்தப் பொருக்கைத் தேடுங்கள், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், அதன்பிறகு கழுவுங்கள். பொருக்கு எங்கே அதிகமோ அங்கேதான் கசிவு என்றும் இல்லை. பிளாஸ்டிக் தெர்மோஸ்டாட் கூட்டில் கிளம்பும் கசிவு பிளாக்கின் மேல் ஊர்ந்துபோய் கியர்பாக்ஸ் இணையும் இடத்தில் தொங்கும். எப்போதும் மேலேயிருந்து கீழே தேட வேண்டும்.

சூடான என்ஜினில் பிரஷர் டெஸ்டர் போடுவது

டேங்க் மூடிக்குப் பதில் டெஸ்டரின் கை பம்ப்பை மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அளவுக்கு அடிக்கிறார்கள். 1.1 பார் என்றிருக்கும், 1.4 பார் என்றிருக்கும், சிலவற்றில் 110, 140 என்று கிலோபாஸ்கலில் இருக்கும். பத்து நிமிடத்தில் முள் இறங்கியதும் "லீக் இருக்கு" என்று தீர்ப்பு. என்ஜின் ஆறும்போது கூலண்டும் மேலிருக்கும் காற்றும் சுருங்கும். கசிவே இல்லாவிட்டாலும் முள் இறங்கும். முதல் சோதனையை முழுக்க ஆறிய என்ஜினில் செய்யுங்கள். மூடியின் அளவைத் தாண்டாமல் அடித்து, குறைந்தது இருபது நிமிடம் விட்டுவிடுங்கள். சந்தேகம் தீரவில்லையென்றால் இரவு முழுக்க வையுங்கள்.

ஆறிய நிலையில் மட்டும் பார்த்து முடித்துக்கொள்வதும் தவறுதான். கிளாம்ப் பிடி தளர்ந்த ஹோஸ் குளிரில் கசிந்து சூட்டில் அடைத்துக்கொள்ளும். பிளாஸ்டிக்கிலும் உலோகத்திலும் விழுந்த மயிரிழை விரிசல் பெரும்பாலும் சூட்டில்தான் வாயைத் திறக்கும். அதனால் டெஸ்டரை மாட்டிய நிலையிலேயே, அழுத்தத்தை விட்டுவிட்டு, என்ஜினை ஓடவிட்டும் பாருங்கள். சூடேற ஏற முள் தானாக ஏறும். மூடியின் அளவைத் தொட்டால் வால்வைத் திறந்து குறைக்க வேண்டும்.

மூடியை மறப்பது

டெஸ்டரை மாட்டுவதற்கு மூடியைக் கழற்றுகிறோம். ஆக, குற்றவாளி மூடியாக இருந்தால் சோதனையில் அது ஆஜராகவே இல்லை. பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட் வெளிக்காற்றழுத்தத்தில் 107 டிகிரி வாக்கில் கொதிக்கும். மூடி 1 பார் பிடித்து வைத்தால் 125ஐத் தாண்டும். ஸ்பிரிங் தளர்ந்த மூடி, ஏற்றத்தில் ஏறும்போதெல்லாம் ஆவியை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். மூடியையே சோதிப்பதற்கான அடாப்டர் பெரும்பாலும் டெஸ்டர் கிட்டிலேயே இருக்கும். அதை முதலில் எடுங்கள்.

வாயு வந்தாலே ஹெட் கேஸ்கெட் என்று முடிவுகட்டுவது

இதுதான் பெரிய செலவு வைப்பது, எத்தனை முறை சொன்னாலும் நிற்காதது.

நடப்பது எப்போதும் ஒரே மாதிரிதான். டர்போ டீசல் வண்டி. கூலண்ட் குறைகிறது, லேசாக வெள்ளைப் புகை, மேல் ஹோஸ் கல்லாக இறுகுகிறது, டேங்கில் குமிழி. நீலத் திரவம் ஊற்றிய பிளாக் டெஸ்டரை டேங்கின் வாயில் வைத்தால் நிறம் பச்சைக்கோ மஞ்சளுக்கோ திரும்புகிறது. கூலண்டில் எரிந்த கழிவு வாயு இருக்கிறது, சந்தேகமில்லை. உடனே ஹெட் இறங்குகிறது. பேசிங் (ஹெட்டின் அடிமுகத்தைச் சமமாக்குவது), புது கேஸ்கெட், புது போல்ட், டைமிங் வேலை, ஆயில், கூலண்ட் என்று பெரிய பில். வண்டி வெளியே போன சில நாளில் மட்டம் மறுபடி இறங்குகிறது. கழற்றிய பழைய கேஸ்கெட்டைக் காட்டி "பாருங்க, இங்க கருத்திருக்கு" என்பார்கள். பல ஆண்டு ஓடிய எந்தக் கேஸ்கெட்டைக் கழற்றினாலும் எங்காவது கருத்துத்தான் இருக்கும்.

தப்பித்தது யார்? இஜிஆர் கூலர். புகைக்கழிவின் ஒரு பங்கை மறுபடி இன்டேக்குக்கு அனுப்பும் முன் குளிர்விக்கும் சின்னப் பெட்டி அது. உள்ளே மெல்லிய தகட்டுக் குழாய்கள். ஒரு பக்கம் கொதிக்கும் வாயு, மறுபக்கம் கூலண்ட். சூடும் குளிரும் மாறி மாறி அடித்து, தகடு விரிந்துவிடும். பல டீசல்களில் இது டர்பைனுக்கு முன்னாலேயே வாயுவை எடுக்கிறது. மிதித்து ஓட்டும்போது அந்த இடத்தில் வாயுவின் அழுத்தம் கூலண்டின் அழுத்தத்தை எளிதாகத் தாண்டும். அப்போது வாயு கூலண்டுக்குள் நுழைகிறது. என்ஜினை அணைத்ததும் வாயு அழுத்தம் பூஜ்யம், கூலண்ட் அழுத்தம் அப்படியே நிற்கிறது. இப்போது கூலண்ட் வாயுப் பக்கம் கசிகிறது. அடுத்த ஸ்டார்ட்டில் வெள்ளைப் புகை. ஹெட் கேஸ்கெட் மேல் பழி போட வைத்த மேற்சொன்ன அறிகுறிகள் அத்தனையும் இதிலும் அச்சு அசலாக வரும். பிளாக் டெஸ்டர் சொல்வது கூலண்டில் கழிவு வாயு இருக்கிறது என்பதை மட்டுமே. எந்த வாசல் வழியாக வந்தது என்று அதற்குத் தெரியாது.

பிரித்தறிய வழி இருக்கிறது. ஹெட்டை இறக்கும் வேலையோடு ஒப்பிட்டால் நேரமும் குறைவு.

முதலில் சிலிண்டர் லீக்-டவுன் சோதனை. க்ளோ பிளக் துளையில் அடாப்டர் மாட்டி, அந்த சிலிண்டரைக் கம்ப்ரஷன் உச்சிக்குக் கொண்டுவந்து, கிராங்க் திரும்பாமல் பூட்டி, 6 பார் காற்று கொடுங்கள். இரண்டு வால்வும் மூடியிருப்பதால் காற்று இஜிஆர் பக்கம் போக வழியே இல்லை. டேங்கை விளிம்பு வரை நிரப்பி மூடியில்லாமல் பாருங்கள். ஒரு சிலிண்டருக்குக் காற்று கொடுக்கும்போது மட்டும் குமிழி எழுந்தால் பழி கேஸ்கெட்டிலோ ஹெட் விரிசலிலோ. நான்கிலும் டேங்க் அசையவில்லையென்றால் ஹெட்டின் பக்கமே போகாதீர்கள். என்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது செய்தால் இந்தச் சோதனையை இன்னும் நம்பலாம்.

அடுத்து, கூலண்ட் சிஸ்டத்தை அழுத்தத்தில் வைத்துவிட்டு இஜிஆர் வால்வைக் கழற்றி கேமராவை விடுங்கள். நல்ல கூலரில் வறண்ட கரி இருக்கும். கூலண்ட் பட்ட இடத்தில் கரி பிசினாகியிருக்கும், அல்லது ஒரு திட்டு மட்டும் கழுவிவிட்டதுபோல் பளிச்சென்று உலோகம் தெரியும்.

கடைசியாக, கூலரையே வெளியே எடுத்துச் சோதிப்பது. கூலண்ட் வாய் ஒன்றை அடைத்து, மற்றொன்றில் ரெகுலேட்டர் வைத்து 2 பார் காற்று கொடுத்து நீரில் முக்குங்கள். இங்கேயும் ஒரு பொறி உண்டு: பச்சைத் தண்ணீரில் முக்கினால் விரிசல் மூடியே இருக்கும், கூலர் "நல்லது" என்று பெயர் வாங்கிவிடும். 80 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் வைத்து, உலோகம் முழுக்கச் சூடேறியபின் காற்றைத் திறங்கள். ஊசிமுனை அளவில் வரிசையாகக் குமிழி வந்தால் வேலை முடிந்தது.

சிலர் கூலரின் இரு ஹோஸையும் ஒரு குழாயால் இணைத்துவிட்டு வண்டியை ஓட்டிப் பார்க்கிறார்கள். யோசனை சரி, ஆனால் வாயுப் பக்கத்தையும் தகடு வைத்து அடைக்காமல் ஓட்டினால் கூலண்ட் இல்லாத கூலர் வெந்துபோகும். அதுவும் சோதனைக்கு மட்டும்தான். தகட்டோடு வண்டியைத் திருப்பித் தரக்கூடாது.

தாமதமும் ஆபத்துதான். விரிசல் பெரிதானால் நிறுத்திய வண்டியின் இன்டேக்கில் கூலண்ட் தேங்கி, ஸ்டார்ட் அடிக்கும்போது சிலிண்டருக்குள் போகும். திரவம் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும்.

பெட்ரோல் டர்போவில் கணக்கு வேறு

குமிழி வருகிறது, ஆனால் பிளாக் டெஸ்டர் நீலமாகவே இருக்கிறது என்றால் குழம்ப வேண்டாம். இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே நீரால் குளிரும் இன்டர்கூலர் (டர்போ அழுத்தி அனுப்பும் காற்றைக் குளிர்விப்பது) இருக்கும் வண்டியா என்று பாருங்கள். பூஸ்ட் ஏறும்போது அங்கே நுழைவது வெறும் காற்று, அதில் கழிவு வாயு இல்லை. அந்தச் சுற்றுக்குத் தனி டேங்க் இருந்தால் எது குறைகிறது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும். நிரப்பியபின் உள்ளே மாட்டிக்கொண்ட காற்றும் ஓரிரு ஓட்டம் குமிழி காட்டும். ஏர் எடுத்து முடிக்காமல் எந்தக் குமிழியையும் சாட்சியாக எடுக்காதீர்கள்.

பான்ஜோ போல்ட்டை இறுக்கிவிட்டுப் போவது

டர்போ லைன் இணைப்பில் பொருக்கைக் கண்டதும் ரெஞ்சை மாட்டி இன்னும் கால் சுற்று இறுக்குகிறார்கள். அந்த இணைப்பைப் பிடிக்கும் பான்ஜோ போல்ட்டின் வாஷர் நசுங்கி அடைப்பதற்காகவே செய்யப்பட்டது. ஒருமுறை நசுங்கியது மறுபடி நசுங்காது. போல்ட்டோ கூலண்ட் போக நடுவே துளையுள்ளது, கூடுதல் விசையில் கழுத்தோடு முறியும். இரு முகங்களையும் துடைத்து, இரண்டு பக்கமும் புது வாஷர் வைத்து, அந்த என்ஜின் மேனுவலில் சொன்ன டார்க்குக்கு மட்டும் இறுக்குங்கள். ஓ-ரிங் போடும் லைனானால் கிரீஸ் தடவாதீர்கள். கூலண்ட் லைன்களில் வழக்கமாக வரும் ஈபிடிஎம் ரப்பர் எண்ணெயில் ஊறி உப்பிவிடும். கூலண்டிலேயே நனைத்துப் போட்டால் போதும்.

ஸ்டாப்-லீக் ஊற்றுவது

வேண்டாம். கசிவை அடைக்கும் முன் டர்போவின் மெல்லிய லைனையும் ஹீட்டர் கோரையும் அடைக்கும்.

ஆயிலில் கூலண்ட் என்றதும் பதறுவது

ஆயில் கூலரை முதலில் பாருங்கள். ஓடும்போது ஆயில் அழுத்தம் அதிகம், அதனால் ஆயில் கூலண்டுக்குள் போகும். அணைத்தபின் திசை மாறும்.

டை போட்டு உடனே விளக்கடிப்பது

டை என்பது யூவி (புற ஊதா) விளக்கில் ஒளிர்ந்து கசிவைக் காட்டும் சாயம். கூலண்டுக்கான நீரில் கரையும் டைதான் வேண்டும், ஆயிலுக்கானது மிதக்கும். பாட்டிலில் சொன்ன அளவைக் கலந்து, தெர்மோஸ்டாட் திறக்கும்வரை ஓட்டி முழுக்க ஆறவிடுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தபின், இருட்டில், மஞ்சள் கண்ணாடி போட்டுப் பாருங்கள். சில கூலண்ட்கள் டை இல்லாமலேயே ஒளிரும். பழைய சிந்தல் ஏதும் ஒளிர்கிறதா என்று டை போடுவதற்கு முன்பே ஒருமுறை விளக்கடித்துப் பார்த்துவிடுங்கள்.

வேலை முடிந்ததும் வண்டியைக் கொடுத்துவிடுவது

ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஏர் எடுங்கள். வேக்கம் ஃபில்லர் (உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டுக் கூலண்டை நிரப்பும் கருவி) இருந்தால் இன்னும் நல்லது. ஏற்றத்தில் சுமையோடு ஒரு ஓட்டம், பிறகு இரவு முழுக்க ஆறவிட்டு, சமதரையில் மட்டத்தைப் பார்த்து டேங்கில் மார்க்கரால் கோடு போடுங்கள். ஏர் வெளியேறியதால் முதல் நாள் சற்றே இறங்கும். அதை நிரப்பிவிட்டுக் கோட்டைப் புதிதாகப் போடுங்கள். இரண்டாவது கோட்டுக்குக் கீழே இறங்கினால் டெஸ்டரை மறுபடி எடுக்க வேண்டியதுதான்.