கல்யாணமும் மாநில மாற்றமும் ஒரே வருடத்தில்: நியூஜெர்சி, கலிபோர்னியா வரிக் கணக்கை முடிப்பது எப்படி?

நியூஜெர்சியின் எடிசனில் வசித்த இருவர் மே மாதம் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். ஜூலை 1 அன்று கலிபோர்னியாவின் சான் ஹோசேவுக்குக் குடிபோகிறார்கள். இருவருக்கும் சம்பளம் உண்டு. இந்தக் கற்பனைத் தம்பதியை வைத்தே மாநில வரிக் கணக்கைப் பார்ப்போம்.

படி 1: தேதியைப் பிடியுங்கள்

முகூர்த்த நாள் எதுவென்று வரித்துறை பார்ப்பதில்லை. டிசம்பர் 31 அன்று மணமானவராக இருந்தால், அந்த வருடம் முழுவதற்கும் மணமானவர்தான். மாநிலங்களுக்கு முக்கியம் குடிபெயர்ந்த தேதி. வாடகை ஒப்பந்தம், விமான டிக்கெட், சாமான் ஏற்றிய ரசீது எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வையுங்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாறியதா? சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் இன்று என்ன பெயர் இருக்கிறதோ அதையே படிவத்தில் எழுதுங்கள்.

படி 2: டபிள்யூ-2வின் அடிப்பகுதியைப் படியுங்கள்

டபிள்யூ-2 என்பது அலுவலகம் தரும் வருடச் சம்பளப் படிவம். அதில் பெட்டி 15ல் மாநிலம், 16ல் அந்த மாநிலச் சம்பளம், 17ல் பிடித்த மாநில வரி. நியூஜெர்சி சம்பளம் மத்திய அரசுக்கான பெட்டி 1ஐவிடக் கூடுதலாக இருந்தால் பதற வேண்டாம். சம்பளத்தில் பிடிக்கும் மருத்துவக் காப்பீட்டுத் தொகைக்கு மத்திய வரியில் கிடைக்கும் விலக்கை நியூஜெர்சி பொதுவாகத் தருவதில்லை. ஆனால் ஜூலைக்குப் பிறகும் நியூஜெர்சிக்கே வரி பிடித்திருந்தால் அது வேறு கதை. அலுவலகத்தில் திருத்திய படிவமான டபிள்யூ-2சி கேளுங்கள்.

படி 3: முதலில் மத்திய அரசின் வரிப் படிவமான 1040

பெரும்பாலான தம்பதிகளுக்குச் சேர்ந்து தாக்கல் செய்வதே லாபம். இதில் எடுக்கும் முடிவையே இரண்டு மாநிலங்களும் பொதுவாகப் பின்பற்றச் சொல்கின்றன. அதனால் மாநிலப் படிவத்தை முதலில் திறக்காதீர்கள்.

படி 4: நியூஜெர்சி

என்ஜே-1040 படிவத்தில் பகுதி ஆண்டு வசிப்பாளர் என்று குறித்து, அங்கே வசித்த தேதிகளை எழுதுங்கள். ஜூன் வரை வந்த வருமானம் மட்டும் போதும். தலைக்கு 1,000 டாலர் விலக்கும் மாதக் கணக்கில் குறையும். நம் தம்பதிக்கு ஆறு மாதம் என்பதால் 2,000க்குப் பதில் 1,000 டாலர்.

படி 5: கலிபோர்னியா

பலர் 540 படிவத்தை எடுத்துவிடுகிறார்கள். பகுதி ஆண்டு வசிப்பாளருக்கு உரியது 540என்ஆர். கணவன், மனைவி இருவரில் ஒருவர் மட்டும் அப்படி இருந்தாலும், சேர்ந்து தாக்கல் செய்தால் இதேதான்.

கணக்கு போடும் விதம்தான் பலரைத் திகைக்க வைக்கும். இருவருக்கும் சேர்த்து வருட வருமானம் 2 லட்சம் டாலர், அதில் கலிபோர்னியாவில் சம்பாதித்தது 1 லட்சம் என்று வையுங்கள். 1 லட்சத்துக்கு மட்டும் தனியாக வரி போடமாட்டார்கள். வருடம் முழுவதும் அங்கேயே இருந்ததாக வைத்து 2 லட்சத்துக்கு வரி போட்டு, அதில் ஏறக்குறைய பாதியைக் கேட்பார்கள். வரி விகிதம் ஏறுவதால் இந்தப் பாதி, 1 லட்சத்துக்குத் தனியாக வரும் வரியைவிட அதிகம். நியூஜெர்சியில் சம்பாதித்த பணத்துக்கு மறுபடி வரி போடுகிறார்களோ என்று தோன்றும். அப்படியில்லை, விகிதம் மட்டும்தான் மொத்த வருமானத்தைப் பார்த்து வருகிறது.

படி 6: மென்பொருள் தவறவிடும் இடங்கள்

எச்எஸ்ஏ என்ற மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கில் போடும் பணத்துக்கு மத்திய அரசு தரும் விலக்கை ஏற்காத மாநிலங்கள் இரண்டே இரண்டு: கலிபோர்னியா, நியூஜெர்சி. இந்தத் தம்பதி இரண்டிலும் மாட்டுகிறார்கள். டபிள்யூ-2வின் பெட்டி 12ல் டபிள்யூ குறியீட்டில் உள்ள எச்எஸ்ஏ தொகை மாநிலச் சம்பளத்தில் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். இல்லாவிட்டால் இரண்டு முறை ஏறிவிடும்.

அப்புறம், ஊரில் உள்ள ஃபிக்ஸட் டெபாசிட் வட்டி. வெளிநாட்டில் வாழும் இந்தியர்கள் வைக்கும் என்ஆர்இ கணக்கின் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை என்பதால் இங்கேயும் இல்லை என்று நினைக்காதீர்கள். கலிபோர்னியா வசிப்பாளருக்கு உலகில் எங்கே வந்த வருமானமும் கணக்கில் வரும். இந்தியாவில் கட்டிய வரியை மத்திய படிவத்தில் கழித்துக்கொள்ள வழியுண்டு, கலிபோர்னியா அதைத் தராது.

எடிசனிலிருந்து தினமும் மன்ஹாட்டனுக்கு ரயிலில் போய் வேலை பார்த்திருந்தால் மூன்றாவதாக நியூயார்க்கில் வசிக்காமல் அங்கே சம்பாதிப்பவருக்கான ஐடி-203 படிவமும் உண்டு. அங்கே கட்டிய வரிக்கு நியூஜெர்சியில் கழிவு கிடைக்கும். அதனால் ஐடி-203ஐ முடித்துவிட்டு என்ஜே-1040க்கு வாருங்கள். இந்த நிலை இருந்தால், முதல் வருடம் மட்டுமாவது ஒரு கணக்காளருக்குக் காசு கொடுப்பது வீண் செலவில்லை என்பேன்.

படி 7: அனுப்புதல்

வழக்கமான கடைசி நாள் ஏப்ரல் 15. படிவம் அனுப்ப மட்டும் கலிபோர்னியா தானாகவே அக்டோபர் 15 வரை நேரம் தருகிறது. பணம் கட்ட அந்தச் சலுகை இல்லை.

வரிக் கணக்கை முடித்த கையோடு சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிக்க வேண்டும் என்று அலுவலகத்துக்குச் சொல்லும் டபிள்யூ-4, கலிபோர்னியாவுக்கான டிஇ 4 இரண்டையும் மாற்றுங்கள். இருவரும் வேலைக்குப் போவதை அதில் சொல்லாமல் மணமானவர் என்று மட்டும் குறித்தால், குறைவாகப் பிடித்துவிட்டு அடுத்த ஏப்ரலில் மொத்தமாகக் கேட்பார்கள். குடிபெயர்ந்ததற்கு அடுத்த வருடம் முழுக்க கலிபோர்னியாவிலேயே இருந்தால் சாதாரண 540 படிவம் போதும்.