ரெட்யூசர் இல்லாத கேஸ் கார்: திரவ எல்பிஜி கிட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேஸ் கிட் என்றதும் மெக்கானிக் முதலில் தேடுவது ரெட்யூசரை. இஞ்சினின் வெந்நீரில் சூடாகி, திரவ எல்பிஜியை ஆவியாக்கித் தருவது அதுதான். நெதர்லாந்தின் வியாலே, இத்தாலியின் ஐகாம் ஆகியவற்றின் திரவ கிட்டுகளில் அது கிடையாது. பம்ப் டாங்குக்குள்ளேயே இருக்கும். கேஸ் திரவமாகவே, இஞ்சினுக்குள் எரிபொருளைத் தெளிக்கும் இஞ்செக்டர் வரை வரும், மிச்சம் ரிட்டர்ன் குழாயில் டாங்குக்குத் திரும்பும். பழைய கிட்டைப் போலவே இதையும் நடத்தினால் சிக்கல்தான்.

முதல் தவறு, டாங்க் வறண்டு போகும்வரை ஓட்டுவது. ரெட்யூசர் கிட்டில் கேஸ் தீர்ந்தால் பெட்ரோலுக்கு மாறிக்கொண்டு போகலாம். இங்கே பம்பைக் குளிர்விப்பதும் உயவூட்டுவதும் அதற்குள் ஓடும் அதே கேஸ்தான். அடிக்கடி காலியாக விட்டால் பம்ப் தேயும். அதை மாற்ற டாங்கையே காலி செய்து திறக்க வேண்டும்.

அப்புறம், அழுத்தமானியைப் பார்த்துப் பதறுவது. எல்பிஜி என்பது புரோப்பேன், பியூட்டேன் கலவை. 20 டிகிரி செல்சியஸில் புரோப்பேனின் ஆவி அழுத்தம் சுமார் 8 பார், பியூட்டேனுக்குச் சுமார் 2 பார்தான். ஐரோப்பாவில் பல நாடுகளில் குளிர்காலக் கேஸில் புரோப்பேன் கூடுதலாக இருக்கும். ஆக, டாங்கின் அழுத்தம் நிலையாக நிற்காது. வியாலே முறையில் பம்ப் அதற்கு மேல் சுமார் 5 பார் ஏற்றித் தருகிறது. குழாயின் மொத்த அழுத்தத்தை மட்டும் பார்த்தால் நல்ல பம்பையும் கழற்றி எறியத் தோன்றும். பார்க்க வேண்டியது டாங்க் அழுத்தத்துக்கும் குழாய் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை.

வெயிலில் ஓட்டி நிறுத்திய வண்டியை உடனே கேஸில் கிளப்புவதும் அப்படித்தான். பானட் சூட்டில் குழாயிலுள்ள கேஸ் கொதித்து ஆவியாகியிருக்கும். பம்ப் சில விநாடி ஓடி அந்த ஆவியை டாங்குக்குத் தள்ளட்டும். பொறுமையில்லையா, பெட்ரோலில் கிளப்புங்கள். ஸ்டார்ட்டரைப் போட்டு வதைக்காதீர்கள்.

என் கணக்கில் மிகப் பெரிய தவறு, இஞ்செக்டர் முனையைப் பொருத்த, இஞ்சினுக்குக் காற்று போகும் மானிஃபோல்டில் கைக்கு எட்டிய இடத்தில் துளை போடுவது. திரவம் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சும். உள்ளே போகும் காற்று குளிர்ந்து அடர்த்தியாவதால் இஞ்சினுக்கு அது லாபம். ஆனால் அதே குளிரில் காற்றின் ஈரம் முனையில் பனியாக உறையலாம், கலவை கெடும். கிட்டோடு வரும் முனையை, அதில் சொன்ன கோணத்தில், வால்வுக்கு அருகே பொருத்த வேண்டும். போட்ட துளையைத் திரும்ப எடுக்க முடியாதே!

பெட்ரோலில் திக்கும் காரை கேஸ் சரிசெய்துவிடும் என்று நம்ப வேண்டாம். கேஸ் கணினி, பெட்ரோல் கணினி சொல்லும் இஞ்செக்ஷன் நேரத்தைத்தான் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. லாம்ப்டா சென்சார் (புகையிலுள்ள ஆக்சிஜனை அளப்பது), காற்றுக் கசிவு, ஸ்பார்க் பிளக் எல்லாவற்றையும் முதலில் பாருங்கள்.

டாங்கை 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பாதீர்கள், தானாக நிறுத்தும் வால்வை ஏமாற்றாதீர்கள். டாங்க் வால்வை மூடியதும் குழாய் காலி என்று நினைத்துத் திறப்பதும் ஆபத்து. சப்ளை, ரிட்டர்ன் இரண்டிலும் திரவம் நிற்கும், தோலில் பட்டால் பனிப்புண்தான். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழே தேங்கும். இந்த வேலையை சர்வீஸ் குழியின் மேல் நிறுத்திச் செய்யாதீர்கள்.