ஜெர்மனியில் முதல் மாதம்: குறைந்த பணத்தில் படிக்கச் செல்பவருக்கான செய்முறை

கடலூரிலிருந்து முதுநிலைப் படிப்புக்காக ஜெர்மனிக்குக் கிளம்பும் தம்பி தங்கையர் என்னிடம் முதலில் கேட்பது, மாதம் எவ்வளவு செலவாகும் என்பதே. அதற்கும் முன்பாகக் கேட்க வேண்டியது முதல் மாதம் எவ்வளவு ஆகும் என்பது. ஆண்டுச் செலவைப் பன்னிரண்டால் வகுத்துப் போட்ட என் கணக்கு, போய் இறங்கிய மூன்றாம் வாரத்திலேயே கவிழ்ந்தது.

படி 1: பணத்தை இரண்டாகப் பிரியுங்கள்

விசாவுக்காக 'பிளாக்டு அக்கவுண்ட்' எனும் முடக்கிவைக்கப்பட்ட வங்கிக் கணக்கில் போடும் 11,904 யூரோ, 2024 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த தொகை. அது மாதம் 992 யூரோவாக மட்டுமே கைக்கு வரும். அப்படி வருவதற்கு அங்கே ஒரு வங்கிக் கணக்கு வேண்டும். அதைத் திறக்கப் பல வங்கிகள் முகவரிப் பதிவுச் சான்றைக் கேட்கும். 'அன்மெல்டுங்' எனப்படும் அந்தப் பதிவுக்கோ, வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். இதில் ஏதேனும் ஒன்று தாமதமானாலும், உங்கள் பணம் உங்கள் பெயரிலேயே இருக்க, கையில் காசிராது. எனக்கு ஐந்து வாரம் ஆயிற்று.

ஆகவே, அந்தத் தொகையைத் தொடாமல் தனியாக ஒரு பணத்தை ஃபாரெக்ஸ் கார்டில், அதாவது வெளிநாட்டுப் பணம் ஏற்றிய அட்டையில், எடுத்துச் செல்லுங்கள். எவ்வளவு என்பதற்கு ஓர் உதாரணக் கணக்கு: அறை வாடகை 400, அட்வான்ஸின் முதல் தவணை 350, மருத்துவக் காப்பீடு ஏறத்தாழ 150, செமஸ்டர் கட்டணம் 200, சாப்பாடு 200; மொத்தம் 1,300 யூரோ. உங்கள் ஊருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் ஏற்ப எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். அட்வான்ஸ், சூடேற்றுதல் முதலான இதரச் செலவுகள் சேராத வாடகையில் மூன்று மாதத் தொகையைத் தாண்டக் கூடாது என்பதும், அதை மூன்று மாதத் தவணைகளாகக் கட்டலாம் என்பதும் அந்நாட்டுச் சட்டம். இது தெரியாமல் நான் முழுவதையும் ஒரே நாளில் கொடுத்துவிட்டு, அந்த மாதம் முழுக்க ரொட்டியும் முட்டையுமாகக் கழித்தேன்.

படி 2: பெட்டியை அளந்து கட்டுங்கள்

நெய், பால்கோவா, இறைச்சி ஊறுகாய் ஆகியவற்றை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக இயலாது. அம்மா உருக்கிக் கொடுத்த நெய்யை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வந்தவன் நான். வேடிக்கை என்னவெனில், சொந்த உபயோகத்துக்கான மீன் பொருள்களுக்குத் தடையில்லை என்பதால், முதுநகர் கருவாடு தாராளமாகப் போகும். பக்கத்து அறைக்காரர் பொறுத்துக்கொள்வாரா என்பது வேறு விஷயம். பச்சைக் கறிவேப்பிலையை விட்டுவிட்டு, அதைப் பொடியாக்கி எடுத்துச் செல்லுங்கள். குக்கர் வாங்கினால் இண்டக்ஷன் அடுப்பிலும் வேலை செய்யும் எவர்சில்வர் குக்கராகப் பார்த்து வாங்குங்கள். வீட்டிலிருக்கும் சாதாரண அலுமினிய குக்கர் இண்டக்ஷன் அடுப்பில் வேலை செய்யாது, வெறும் பாரம்தான்.

படி 3: சனிக்கிழமையை அடுக்களைக்கு ஒதுக்குங்கள்

ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை வாங்க மறந்தவர், மறுநாள் ரயில் நிலையத்துக் கடையில் அதிக விலை கொடுப்பார். சனிக்கிழமை பகலில் பருப்பும் காய்கறியும் வாங்கி, மாலையில் ஒரு குக்கர் சாம்பாரும் ஒரு பாத்திரம் இட்லி மாவும் தயார் செய்தால், பாதி வாரம் ஓடிவிடும்.

மாவுதான் சோதனை. கடலூரில் இரவு அரைத்துவைத்தால் விடியுமுன் மூடியைத் தள்ளிக்கொண்டு எழும் மாவு, நவம்பர் மாத ஜெர்மானிய அடுக்களையில் இரண்டு நாளானாலும் அரைத்த மேனிக்குச் சிமெண்ட் போலக் கிடக்கும். மாவுப் பாத்திரத்தை ஓவனுக்குள் வைத்து, சூட்டைப் போடாமல் உள்விளக்கை மட்டும் எரியவிடுங்கள். அந்த விளக்கின் வெதுவெதுப்பே போதும். பாத்திரத்தில் பாதியளவே ஊற்றி, அடியில் ஒரு தட்டும் வையுங்கள். பொங்கி வழிந்த மாவை ஓவனுக்குள்ளிருந்து சுரண்டி எடுப்பது ஒரு மணி நேர வேலை. அறை நண்பர் எவரும் அதே ஓவனைப் பார்க்காமல் பற்றவைத்துவிடாதபடி, கதவில் ஒரு சீட்டும் ஒட்டிவிடுங்கள்.

படி 4: சில்லறையைக் கவனியுங்கள்

ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் டின்னுக்கும் 25 சென்ட் முன்பணம் உண்டு. சூப்பர் மார்க்கெட்டில் உள்ள இயந்திரத்தில் காலியானதைப் போட்டால் அந்தத் தொகைக்குச் சீட்டு வரும், அதைக் கல்லாவில் கழித்துக்கொள்ளலாம். வானொலி, தொலைக்காட்சிக்கான ஒலிபரப்புக் கட்டணம் மாதம் 18.36 யூரோ, அது ஆளுக்கன்று, வீட்டுக்கு ஒன்று என்பதால் உடன் குடியிருப்பவர்களோடு பங்கிடுங்கள். பகுதிநேர வேலை ஆண்டுக்கு 140 முழு நாள்கள் வரை பார்க்கலாம். முதல் செமஸ்டரில் அந்த வருமானத்தைக் கணக்கில் சேர்க்காதிருப்பது நல்லது.

படி 5: சாவி வாங்கும் நாளில்

அறைக்குள் பெட்டியை வைப்பதற்கு முன்பே, சுவர்க்கீறல், தரைக்கறை, சன்னல் கைப்பிடி என ஒவ்வொன்றையும் தேதியோடு படமெடுத்து, வீட்டுக்காரருக்கு அன்றே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடித்தம் வருமா என்பது பெரும்பாலும் இந்தப் படங்களைப் பொறுத்தது. படிப்பு முடிந்து நான் சென்னைக்கு டிக்கெட் எடுத்தது, திரும்பி வந்த அந்தப் பணத்தில்தான்.