மழை வருதேன்னு வெட்டிவேர் நடாதீங்க!

போன வாரம் மடிப்பாக்கத்தில் ஒரு தோழி வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் 40 வெட்டிவேர் நாற்று, ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருந்தார். "ஐப்பசி மழை வரப்போகுது, இப்ப நட்டா தண்ணி ஊத்துற வேலை மிச்சம்தானே?" என்றார். எனக்குப் பகீரென்றது. எட்டு வருஷத்துக்கு முன்னால் நான் சொன்னதும் இதேதான். தண்ணீர் தேங்கும் களிமண் இடத்தில் புல் வைக்கிறவர்கள் செய்யும் தவறுகளைத்தான் இங்கே சொல்கிறேன். களை எடுங்கள், வெயில் படட்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

மழைக்கு முந்தின வாரம் நடுவது

வேளச்சேரியில் எங்கள் வீட்டுப் பின்பக்கம், மேல்தொட்டி வழிந்து விழும் இடம் எப்போதும் சொதசொதவென்று இருக்கும். களிமண். அங்கே வைக்கக் கடலூர்ப் பக்கத்திலிருந்து 60 நாற்று வரவழைத்து, ஐப்பசி பிறந்த மூன்றாம் நாள் நட்டேன். அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. பாத்தியில் நாலு நாள் தண்ணீர் நின்றது. கார்த்திகையில் ஒரு நாற்றைத் தொட்டு இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. அடித்தண்டெல்லாம் அழுகல் வாடை. 60-ல் பிழைத்தது 7.

வெட்டிவேர் வெள்ளம் தாங்கும் என்பது உண்மை. வேர் பிடித்த தூர் வாரக்கணக்கில் தண்ணீரில் நின்றாலும் சாகாது. ஆனால் நம் கைக்கு வருவது வேரை நறுக்கின நாற்று. அது புது வேர் விட மண்ணுக்குள் காற்று வேண்டும். தண்ணீர் தேங்கின களிமண்ணில் காற்று ஏது? சென்னைக்கு வருஷத்தில் கிடைக்கும் சுமார் 1,400 மி.மீ. மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. எனக்கு நாற்று விற்றவர், எந்த இடத்தில் நடப்போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது இதற்கும் பொருந்தும். ஆடி, ஆவணியில் சாயங்காலம் இடியோடு ஒரு மழை அடிக்கும், மறுநாள் வெயிலில் மண் காற்று வாங்கும். அப்போது நட்டால் வேர் பிடிக்க ஒரு மாதமாவது கிடைக்கும். தவறவிட்டீர்களா? தை வரை தொட்டியில் வையுங்கள். தோழியின் 40 நாற்றும் இப்போது அவர் வீட்டு மொட்டை மாடியில், அடியில் ஓட்டை போட்ட பெயின்ட் வாளிகளில் இருக்கின்றன.

களிமண்ணில் மணலைக் கொட்டுவது

கொஞ்சம் மணல் சேர்த்தால் சித்திரை வெயிலில் செங்கல் மாதிரி இறுகிவிடும். மக்கின இலையும் தொழுவுரமும் போட்டுப் பாத்தியை அரை அடி உயர்த்துங்கள்.

ஆர்.ஓ. கழிவுநீர்

குடிநீர் சுத்திகரிக்கும் கருவி வெளியே தள்ளும் தண்ணீரில் உப்பு அதிகம். அந்தப் பாத்திக்குத் திருப்பாதீர்கள். ஏ.சி. தண்ணீர் பரவாயில்லை.

சம்பு

சதுப்பில் உயரமாக வளரும் கோரை மாதிரிச் செடி. பல்லாவரம்–துரைப்பாக்கம் சாலையில் போகிறவர்களுக்கு அதன் பழுப்புக் கதிர் மேல் ஆசை வரும். அந்தச் சாலையோரம் இருக்கும் பள்ளிக்கரணை, 2022-ல் ராம்சார் தளமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட சதுப்புநிலம். அங்கிருந்து எதையும் பிடுங்காதீர்கள். வேறெங்கு கிடைத்தாலும் தொட்டியோடு நிறுத்துங்கள். தரையில் விட்டால் கிழங்கு ஓடி மொத்தப் பாத்தியையும் பிடித்துக்கொள்ளும். நாணலும் அப்படித்தான்.

'பவுன்டன் கிராஸ்'

ஆப்பிரிக்கப் புல். காய்ந்த மண்ணுக்கானது, இந்த ஈரப் பாத்திக்கு வேண்டாம்.