எக்செல் பைல் இறுகி நிற்கிறதா? முதலில் கன்ட்ரோல்-எண்ட்

கொழும்பு புறக்கோட்டையில் சில மொத்த வியாபாரக் கடைகளுக்கு நான் மாதக் கணக்கு முடித்துக் கொடுக்கிறேன். வயர், பைப், பெயின்ட், துணி என்று சரக்கு எதுவானாலும் கணக்கு கிடப்பது எக்செலில்தான். மாதக் கடைசியில் வரும் வொய்ஸ் மெசேஜ்களில் பாதி ஒரே புலம்பல். “அக்கா, ஸ்டொக் பைல் திறக்குதில்லை. நொட் ரெஸ்பொண்டிங் எண்டு வெள்ளையாப் போய் நிக்குது. ரேம் கூட்டுவமோ?”

ரேம் வாங்கப் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்கு ஓடுமுன் கொஞ்சம் பொறுங்கள். ஒரு ஷீட்டில் 1,048,576 வரியும் 16,384 கொலமும் உண்டு. பத்தாயிரம், இருபதாயிரம் வரி உள்ள கடைக் கணக்கெல்லாம் எக்செலுக்குத் தூசு. திணறடிப்பது கணக்கோடு ஒட்டிக்கொண்டு வந்த குப்பை. அதைக் கண்டுபிடித்துக் கழித்தால் பழைய கொம்பியூட்டரே போதும்.

கை வைக்குமுன் பைலை ஒரு கொபி எடுங்கள். பென் டிரைவிலோ கடை நெட்வேர்க்கிலோ இருந்தால் டெஸ்க்டொப்புக்குக் கொண்டுவந்து வேலை செய்யுங்கள். பெயரில் திகதியை ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில் போட்டால் ஃபோல்டரில் தானாக வரிசைப்படும். ‘புதுசு’, ‘கடைசி’, ‘கடைசியிலும் கடைசி’ என்று பெயர் வைக்கும் முதலாளிமாரோடு நான் இப்போது வாதாடுவதில்லை.

சரி. ஒவ்வொரு ஷீட்டிலும் கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு எண்ட் விசையைத் தட்டுங்கள். எக்செல் எதைக் கடைசிச் செல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறதோ அங்கே போய் நிற்கும். ஒரு ஹார்ட்வெயார் கடையில் சரக்கு விவரம் பதினோராயிரத்துச் சொச்சம் வரியோடு முடிந்தது. கர்சரோ 1,048,576ஆம் வரியில் நின்றது. பிரின்ட் வடிவாக வரட்டும் என்று கடைப் பொடியன் கன்ட்ரோல்-ஷிஃப்ட்-கீழ் அம்பை அழுத்தி, ஒன்பது கொலத்துக்கு ஷீட்டின் அடிவரை கோடு போட்டிருந்தான். செல் வெறுமையாக இருந்தாலும் கோடு இருந்தால் எக்செல் அதைத் தனியாகப் பதிந்து வைக்க வேண்டும். அப்படி 90 லட்சத்துக்கும் மேற்பட்ட வெறுஞ் செல்களை அந்தப் பைல் சுமந்துகொண்டு திரிந்தது.

இதற்குப் பரிகாரம் சுலபம். உண்மையான கடைசி வரிக்கு அடுத்த வரியின் இலக்கத்தைக் கிளிக் செய்து, அதே கன்ட்ரோல்-ஷிஃப்ட்-கீழ் அம்பால் அடிவரை தெரிவுசெய்து, வலது கிளிக்கில் டிலீட் கொடுங்கள். கீபோர்டில் உள்ள டிலீட் விசையால் காரியம் ஆகாது. அது எழுத்தை மட்டும் அழித்துவிட்டுக் கோட்டையும் நிறத்தையும் அப்படியே விட்டுவிடும். வலப்பக்கத்துக் கொலங்களுக்கும் இதேதான். பிறகு சேவ் செய்துவிட்டு மறுபடி கன்ட்ரோல்-எண்ட் தட்டிப் பாருங்கள். அந்த ஹார்ட்வெயார் பைல் இந்த ஒரு வேலையோடு இரண்டு எம்பிக்குள் அடங்கிவிட்டது.

அப்புறம் ஃபோர்மியூலா. லெட்ஜரில் மீதிக் கொலத்தில் ஒரு செல்லைத் தட்டிப் பாருங்கள். முதல் வரியிலிருந்து அந்த வரிவரை வரவு முழுவதையும் சம் போட்டு, பற்று முழுவதையும் சம் போட்டுக் கழித்திருப்பார்கள். விடை சரிதான். ஆனால் 40,000 வரி இருந்தால், முதல் வரிக்கு ஒரு செல், இரண்டாவதுக்கு இரண்டு, கடைசிக்கு 40,000 என்று போய், வரவுக் கொலத்துக்கு மட்டுமே 80 கோடி செல்லைக் கூட்ட வேண்டிவரும். பற்றுக்கு இன்னொரு 80 கோடி. மேலே ஒரு பழைய பில்லைத் திருத்தினால் அதற்குக் கீழே உள்ளதெல்லாம் திரும்பவும் ஓடும். அந்தக்காலக் கணக்கப்பிள்ளைமார் பேரேட்டில் செய்ததையே செய்யுங்கள்: மேல் வரி மீதியோடு இந்த வரி வரவைக் கூட்டி, பற்றைக் கழியுங்கள். வரிக்கு மூன்று செல். ஆரம்ப மீதியை மட்டும் முதலில் கையால் எழுத வேண்டும். இதில் ஒரு குறை உண்டு. நடுவில் ஒரு வரியை டிலீட் செய்தால் கீழே எல்லாம், பார்க்க வேண்டிய செல் இல்லை என்று சொல்லும் ரெஃப் பிழை வரும். அதனால் பில் ரத்தானால் வரியை அழிக்காமல் தொகையைப் பூச்சியமாக்குங்கள். ஓடிட்டுக்கு வருபவரும் அதைத்தான் விரும்புவார்.

கடன் பாக்கி ஷீட் இன்னொரு வில்லங்கம். 30 நாள், 60 நாள், 90 நாள் தாண்டியது எவ்வளவு, பின்திகதியிட்ட செக் எப்போது பாங்குக்குப் போக வேண்டும் என்று பார்க்க ஒவ்வொரு வரியிலும் அன்றைய திகதியைத் தரும் டுடே ஃபங்ஷன் இருக்கும். டுடே, நவ், ரேண்ட், ஓஃப்செட், இன்டிரெக்ட் எல்லாம் ஒரே ரகம். பைலில் எங்கே எதை மாற்றினாலும் இவை தாமும் ஓடி, தம்மை நம்பியிருக்கும் செல்களையும் ஓட வைக்கும். ஒருவருடைய ஃபோன் நம்பரைத் திருத்தினால்கூட முழுக் கடன் கணக்கும் புதிதாகப் போடப்படும். ஷீட்டின் உச்சியில் ஒரே ஒரு செல்லில் திகதியை வைத்து, மற்ற வரிகள் அதைப் பார்க்கும்படி மாற்றுங்கள். அந்தச் செல்லிலும் டுடே வேண்டாம். காலையில் கன்ட்ரோலோடு அரைப்புள்ளியைத் தட்டினால் அன்றைய திகதி விழும். ஓஃப்செட் இருக்கும் இடங்களில் பெரும்பாலும் இன்டெக்ஸ் அந்த வேலையைச் செய்துவிடும்.

பெருக்கிக் கூட்டும் சம்ப்ரொடக்டுக்கு முழுக் கொலத்தையும் கொடுக்காதீர்கள். பத்து லட்சம் வரியையும் அது பார்க்கப் போகும். நிபந்தனைக்குப் பொருந்துவதை மட்டும் கூட்டும் சம்இஃப்ஸுக்குக் கொடுத்தால் பரவாயில்லை, பாவித்த வரிகளோடு நின்றுவிடும்.

மார்ச் 31இல் முடிந்துபோன ஆண்டின் ஃபோர்மியூலாக்களை இன்னும் ஓட விடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஓடிட் முடிந்த கணக்கு இனி மாறப் போவதில்லை. முழுவதையும் கொபி செய்து, அதே இடத்தில் பேஸ்ட் ஸ்பெஷலில் வேல்யூஸ் கொடுங்கள், ஃபோர்மியூலா போய் விடை மட்டும் நிற்கும். மேலே ஒரு வரியில் மட்டும் ஃபோர்மியூலாவை விட்டுவையுங்கள், பிறகு யாராவது கேட்டால் காட்ட உதவும்.

இனிச் சில்லறை வேலைகள். விதிப்படி செல்லுக்குத் தானாக நிறம் போடும் கண்டிஷனல் ஃபோர்மட்டிங்கில் மேனேஜ் ரூல்ஸைத் திறந்து, ‘திஸ் வேர்க்ஷீட்’ என்று தெரிவுசெய்து பாருங்கள். வரியைக் கொபி-பேஸ்ட் பண்ணப் பண்ண விதியும் சேர்ந்து துண்டு துண்டாகப் பெருகும். ஒரே சிவப்பு நிறத்துக்கு நூற்றுக்கணக்கில் விதி இருக்கலாம். எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒன்றைப் புதிதாகப் போடுவது சுகம். ஓல்ட் (Alt)-எஃப்10 தட்டினால் ஷீட்டில் ஒளிந்திருக்கும் படங்கள் வரிசையாகத் தெரியும். வெப் பக்கத்திலிருந்து விலைப்பட்டியலை ஒட்டும்போது கூடவே வந்த குட்டிப் பெட்டிகளும் அதில் இருக்கும். தேவையில்லாததை அழியுங்கள். கன்ட்ரோல்-எஃப்3 தட்டினால், செல்களுக்கு வைத்த பெயர்களின் பட்டியல் வரும். அதில் ரெஃப் என்று காட்டுபவற்றையும் தூக்கிவிடுங்கள்.

பைலின் வால் எக்ஸ்எல்எஸ் என்று மட்டும் முடிகிறதா? அது 2007க்கு முந்திய பழைய வடிவம், 65,536 வரிக்கு மேல் கொள்ளாது. 2020இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு 15,841 கோவிட் தொற்றாளர் விவரங்களை நேரத்துக்குச் சேர்க்காமல் விட்டது இந்த வடிவத்தின் எல்லையில் முட்டிக்கொண்டதால்தான். எக்ஸ்எல்எஸ்எக்ஸாக மாற்றிச் சேவ் செய்யுங்கள். சுத்தம் செய்த பிறகும் பைல் பெரிதாகவே இருந்தால் எக்ஸ்எல்எஸ்பி என்ற பைனரி வடிவம் நல்லது. சிறுக்கும், சீக்கிரம் திறக்கும். ஆனால் வேறு மென்பொருள்களில் சில அதைப் படிக்காது. ஓடிட்டருக்கு அனுப்புவதை எக்ஸ்எல்எஸ்எக்ஸிலேயே வைத்திருங்கள்.

ரேம் கதைக்கு வருகிறேன். பைல் மெனுவில் அக்கவுண்ட், அதில் அபவுட் எக்செல். அங்கே 32-பிட் என்று இருந்தால் கொம்பியூட்டரில் எத்தனை ஜிபி ரேம் போட்டாலும் எக்செல் 2 ஜிபி, புதிய பதிப்புகளானால் 4 ஜிபிக்கு மேல் எடுக்காது. 64-பிட் ஒஃபிஸை இன்ஸ்டோல் செய்யுங்கள், அதன்பிறகு ரேம் பற்றிப் பேசலாம்.

ஃபோர்மியூலாஸ் டேப்பில் கல்குலேஷனை மேனுவலாக்கி, வேண்டும்போது எஃப்9 தட்டச் சிலர் சொல்வார்கள். பெரிய பேஸ்ட் வேலைக்கு அது சரி, நாளாந்தப் பாவனைக்கு நான் சம்மதிக்க மாட்டேன். முதலில் திறந்த பைல் மேனுவலில் இருந்தால் அதன்பின் திறக்கும் எல்லாப் பைலும் மேனுவலாகிவிடும். பழைய மொத்தத்தோடு வற் (VAT) வரிக் கணக்குப் போய்ச் சேர்ந்தால் யார் பதில் சொல்வது?

விற்பனை வரிகள் உண்மையிலேயே லட்சக்கணக்கில் போகும் கடை என்றால் எல்லாவற்றையும் ஒரே ஷீட்டில் அடுக்காதீர்கள். மாதத்துக்கு ஒரு பைலாக ஒரு ஃபோல்டரில் போட்டு, டேட்டா டேப்பில் கெட் டேட்டா, ஃப்ரொம் ஃபோல்டர் வழியாக எடுங்கள். எக்செல் 2016 முதல் இது உள்ளேயே இருக்கிறது. ஷீட்டில் கொட்டாமல், பைலுக்குள்ளேயே தனியாக இருக்கும் டேட்டா மொடலில் மட்டும் ஏற்றி, தொகுத்துக் காட்டும் பிவட் அட்டவணையில் பார்க்கலாம்.

இவ்வளவும் செய்தும் திறக்கும்போதே விழுகிறதா? கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு எக்செல் ஐகனைத் தட்டுங்கள், சேஃப் மோடில் திறக்கவா என்று கேட்கும். அதில் ஒழுங்காக ஓடினால் குற்றவாளி எக்செலோடு ஒட்டி ஓடும் ஏதோ ஒரு எட்-இன் (துணை மென்பொருள்). ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்துப் பிடியுங்கள். அதிலும் விழுந்தால் பைலைத் தெரிவுசெய்யும் ஓப்பன் பெட்டியில் ஓப்பன் பட்டனுக்குப் பக்கத்து அம்பைத் தட்டி, ஓப்பன் அண்ட் ரிப்பெயார். திறந்துவிட்டால் அதே பைலில் தொடராமல், புதிய வேர்க்புக் ஒன்றில் ஒவ்வொரு ஷீட்டின் வேல்யூஸையும் ஒட்டி, ஃபோர்மியூலாவைப் புதிதாகப் போடுங்கள். அரை நாள் பிடிக்கும். மாதக் கடைசியில் தொடங்க வேண்டாம்.